சின்கோனா: கசப்பும் அளவும்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் நடுவட்டத்தைக் கடப்போர் இன்று காண்பது தேயிலையே. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அதே சரிவுகளில் அரசின் மருந்து மரமாகிய சின்கோனா வளர்ந்து நின்றது. மலேரியாக் காய்ச்சலுக்கு உலகம் அறிந்திருந்த ஒரே உறுதியான மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் கிடைத்தது. நம் முதியோர் 'கொயினா' என்று குறிப்பிடும் குயினைன் அதுவே.

"கசப்பான பட்டைதானே, கஷாயம் வைத்துக் குடித்தால் காய்ச்சல் போகாதா?" என்று சில குடும்பத்தினர் எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாதான். அதற்கான விடை இம்மலையில் சின்கோனா வளர்ந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ஆகவே அம்மரத்தின் வளர்ப்பு, சுவை, விளைவு ஆகிய மூன்றையும் இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

மரம் இங்கு வந்த கதை

சின்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கிருந்து விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவரும் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் வந்த கன்றுகள் நெடுங்கடற்பயணத்தைத் தாங்காமல் மடிந்தன. ஈக்வடார் காடுகளில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டிய செம்பட்டைச் சின்கோனாக் கன்றுகள் 1861இல் உதகைக்கு உயிருடன் வந்து சேர்ந்தன. உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அவற்றைப் பேணிப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் காடு திருத்திய உழைப்பாளருள் சீனக் கைதிகளும் இருந்தனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் அவ்வூரில் இன்றும் நிற்கிறது.

சோலூர் போன்ற உயரமான ஊர்களின் குளிரில் மலேரியா பரவுவது அரிது. ஆனால் சீகூர்ப் பள்ளத்தாக்கிற்கும் சமவெளிக்கும் இறங்கிச் சென்றவர்கள் காய்ச்சலுடன் திரும்பினர். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வந்த மருத்துவர் ரொனால்டு ராஸ், 1897இல் விடுப்பில் உதகைக்கு வந்தபோது சீகூர் மலைச்சரிவுக்குச் சென்று, தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டறிந்தார்.

வளர்ப்பும் கலப்பினமும்

நீலகிரியில் முதன்மையாகப் பயிரிடப்பட்டவை இரண்டு இனங்கள். செம்பட்டை இனம் வலிமையாக வளரும். சற்றுத் தாழ்ந்த, வெப்பமான சரிவுகளை ஏற்கும். அதன் பட்டையில் காரப்பொருள்களின் மொத்த அளவு மிகுதி; ஆனால் அவற்றுள் குயினைனின் பங்கு குறைவு. மற்றொன்று அஃபிசினாலிஸ் என்னும் இனம். அது தொட்டபெட்டா போன்ற உயரமான குளிர்ந்த இடங்களை விரும்பும். மெலிந்த மரம், எனினும் அதன் பட்டையில் குயினைனின் பங்கு அதிகம்.

இவ்விரண்டும் அருகருகே வளர்ந்தபோது மூன்றாவது வகை ஒன்று தோன்றியது. சின்கோனாப் பூக்களில் ஓர் இயல்பு உண்டு. சில மரங்களின் பூக்களில் சூல்தண்டு நீண்டும் மகரந்தத்தாள்கள் குட்டையாகவும் இருக்கும்; வேறு சில மரங்களில் இது தலைகீழாக அமையும். ஆதலால் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பூவைச் சேர்ந்தால்தான் நன்றாக விதை பிடிக்கும். அவ்வேலையைப் பூச்சிகள் செய்கின்றன. அவை இனம் பார்ப்பதில்லை. இவ்வாறு பிறந்த கலப்பின மரத்திற்கு 'ரோபஸ்டா' என்று பெயரிட்டனர். வலியது என்பது அதன் பொருள். செம்பட்டை இனத்தின் வளர்ச்சியும் அஃபிசினாலிஸ் இனத்தின் சத்தும் ஒரே மரத்தில் கிடைக்கும் என்று தோட்டக்காரர்கள் நம்பினர்.

அந்நம்பிக்கை ஓரளவே நிறைவேறியது. கலப்பினத்தின் விதையை விதைத்தால் தாயைப் போன்ற மரம் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே காயின் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளுள் ஒன்று தாயை ஒத்திருக்கும். மற்றொன்று தந்தையை ஒத்திருக்கும். வேறொன்று இரண்டையும் ஒத்திராது. பட்டையில் உள்ள மருந்தின் அளவும் அவ்வாறே மரத்துக்கு மரம் மாறியது. ஆகவே நல்ல மரத்தைப் பெருக்க விரும்பியோர் அதன் கிளையை வெட்டிப் பதியமிட்டனர் அல்லது ஒட்டுக் கட்டினர். சாவகத் தீவில் டச்சுக்காரர்கள் குயினைன் மிகுந்த லெட்ஜெரியானா இனத்தைச் செம்பட்டை இனத்தின் வேர்க்கட்டையில் ஒட்டி வளர்த்து, உலகச் சந்தையைக் கைப்பற்றினர்.

மரம் ஒன்றாகவே இருந்தாலும் அதன் மருந்து மாறியது. மரத்தை வெட்டாமல், பட்டையை நீள்கீற்றுகளாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைக்கும் முறையை மெக்ஐவர் கையாண்டார். மூடிய இடத்தில் புதிய பட்டை வளர்ந்தது. அதில் முன்னதைக் காட்டிலும் காரப்பொருள் மிகுந்திருந்தது. இனம், வயது, உயரம், உரித்த முறை ஆகிய ஒவ்வொன்றும் பட்டையின் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ செய்தது. இதனை அளந்தறிய 1866இல் ஜான் பிராட்டன் என்னும் வேதியியலாளரை அரசு நீலகிரிக்கு அமர்த்தியது. பட்டை வளர்ப்பதற்குத் தோட்டக்காரர் போதும்; அதை மருந்தாக்குவதற்கு அளப்பவர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதை இங்குக் கருதுக.

சுவை எதைச் சொல்கிறது?

சின்கோனாப் பட்டையின் கசப்பு நாவை விட்டு எளிதில் நீங்காது. மனித நாக்கு மிகச் சிறு அளவுக் குயினைனையும் உணர்ந்துவிடும். 'கசப்பு மிகுந்தால் மருந்தும் மிகும்' என்ற எண்ணம் இதனால் மக்களிடையே வேரூன்றியது. ஆனால் இது பிழையான எண்ணம். பட்டையில் குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என முதன்மையான காரப்பொருள்கள் நான்கு உள்ளன. நான்கும் கசப்பவை. எது எவ்வளவு இருக்கிறது என்பதை நாவால் பிரித்தறிய இயலாது. குயினைன் குறைந்த பட்டையும் கடுங்கசப்பாக இருக்கக்கூடும்.

விளைவும் சோதனையும்

குயினைன் என்னும் பொருளைப் பட்டையிலிருந்து தனியே பிரித்தெடுத்தவர்கள் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லட்டியேயும் காவென்டுவும். அது நிகழ்ந்தது 1820இல். அதன் பின்னரே இன்ன நோயாளிக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுப்பது இயன்றது.

மற்ற மூன்று காரப்பொருள்களும் பயன்தருமா என்பதை அறியச் சென்னை மாகாண அரசு 1866இல் மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. முறைக்காய்ச்சல் கண்ட 2,472 பேருக்கு நான்கு மருந்துகளுள் ஏதேனும் ஒன்று கொடுக்கப்பட்டது. குணமாகாதவர்கள் 27 பேர். குயினைன் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 7 பேருக்கும், குயினிடின் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கும், சின்கோனிடின் பெற்றவர்களில் 10 பேருக்கும், சின்கோனின் பெற்றவர்களில் 23 பேருக்கும் மருந்து பலிக்கவில்லை. நான்கும் பயனுள்ளவை, ஆயினும் நான்கும் ஒன்றல்ல. எண்ணிப் பார்த்ததாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது.

மலேரியாக் கிருமி நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதிலுள்ள ஹீமோகுளோபினை உண்கிறது. உண்ட பின் எஞ்சும் நச்சுப்பொருளைத் தனக்குத் தீங்கு நேராதவாறு அது மாற்றிக்கொள்ளும். குயினைன் அம்மாற்றத்தைத் தடுக்கிறது. கிருமி தன் கழிவாலேயே மடிகிறது.

அதே குயினைன் அளவு மிஞ்சினால் நம்மையும் தாக்கும். காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவை முதல் அறிகுறிகள். மேலும் மிகுந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், பார்வை பறிபோகலாம். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கருவுற்ற பெண்களுக்கு இவ்வாபத்து மிகுதி. இதய நோய்க்கு டிகாக்சின் உட்கொள்வோரும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோரும் குயினைனுடன் அவற்றைச் சேர்த்தால் அம்மருந்துகளின் வேகம் கூடக்கூடும். நோய் தீர்க்கும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. மரத்துக்கு மரம் மாறும் பட்டையைக் கொதிக்கவைத்து அக்குறுகிய இடைவெளியில் நிற்க எவராலும் இயலாது. கஷாயம் பற்றிய வினாவுக்கு எங்கள் விடை இதுவே: வேண்டா.

இரவில் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்வதற்காகச் சிலர் குயினைன் மாத்திரை தேடுகின்றனர். அப்பயனுக்காக இதனை உட்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துள்ளது. இரத்தத் தட்டணுக்கள் திடீரெனக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதே காரணம்.

இன்றைய மருத்துவம்

இன்று மலேரியாவுக்கு முதல் மருந்து குயினைன் அன்று. கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி செலுத்தப்படுகிறது. அது கிடைக்காத அல்லது பொருந்தாத நிலையில் குயினைன் கைகொடுக்கிறது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு 3 நாள் குளோரோகுயினும் 14 நாள் பிரைமாகுயினும் தரப்படுகின்றன. காய்ச்சல் சில நாள்களிலேயே தணிந்துவிடும். ஆனால் கல்லீரலில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும். அதை அழிப்பதற்கே 14 நாள் மருந்து. இடையில் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் மீண்டும் வரலாம். கருவுற்றவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரலாகாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உடையவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தந்து மீந்த மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

பெயர் அளவைச் சொல்லாது

சின்கோனா கற்பித்த பாடம் வேறொரு செடிக்கும் பொருந்துவதால் அதையும் இங்குக் கூறுகிறோம். 'கலப்பினக் கஞ்சா' என்று பல பெயர்களில் இளைஞர்களிடம் விற்கப்படும் பொருளைப் பற்றிப் பெற்றோர் கவலையுடன் கேட்கின்றனர். அதன் நறுமணம் டெர்பீன் என்னும் பொருள்களால் வருவது. எலுமிச்சையிலும் மிளகிலும் அவ்வகைப் பொருள்கள் உண்டு. மயக்கம் தருவதோ டிஎச்சி என்னும் வேறொரு பொருள். மணத்தையோ விற்பவர் சொல்லும் பெயரையோ கொண்டு அதன் அளவை அறிய முடியாது. டிஎச்சி மிகுந்த வகையை நாள்தோறும் உட்கொள்வோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. வளரும் மூளைக்குத் தீங்கு மேலும் அதிகம். 'செடிதானே' என்னும் சொல் இங்கும் ஏமாற்றும்.

உரிமமின்றிக் கஞ்சாவைப் பயிரிடுவதும் வைத்திருப்பதும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். எனினும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், அச்சட்டம் அவருக்குச் சில பாதுகாப்புகளையும் அளிக்கிறது. ஆகவே அச்சத்தால் பிள்ளையை மறைத்து வைக்காதீர். மருத்துவரிடம் அழைத்து வாரீர். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சமவெளிக்கோ காட்டுப்பகுதிக்கோ சென்று திரும்பிய சில வாரங்களுக்குள் குளிருடன் காய்ச்சல் கண்டால், எங்கு சென்றீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

2. பரிசோதனைக்கு முன் பட்டைக் கஷாயமோ மீந்த மாத்திரையோ உட்கொள்ள வேண்டா. உட்கொண்டிருந்தால் மறைக்காமல் கூறுக. அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்.

3. மருந்து உண்ணும்போது காது இரைந்தாலோ பார்வை மங்கினாலோ படபடப்புடன் வியர்த்தாலோ உடனே தெரிவிக்க. மருந்தை நிறுத்துவதா, அளவை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

4. காய்ச்சல் விட்ட நாளன்று மருந்தை விடாதீர். எழுதித் தந்த நாள்கள் முடியும் வரை தொடர்க.

நடுவட்டத்துச் சரிவில் வளர்ந்த மரம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது உண்மை. பட்டையை அளந்து, பிரித்து, எண்ணிப் பார்த்த பின்னரே அது அவ்வுயிர்களைக் காத்தது. உங்கள் கையில் தரப்படும் சிறு மாத்திரைக்குள் அவ்வளவு உழைப்பும் அடங்கியிருக்கிறது. அதனை அளவறிந்து உண்பீராக.