வார இறுதிக் காருக்கு லீசிங் சரிவருமா?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களில் ஒரு காலத்தில் வாகனம் என்றால் தொழிலுக்கு மட்டும்தான். நெல் ஏற்ற லொறி, கடைச் சாமான் கொண்டுவர வேன், வயலுக்கு உழவு இயந்திரம். இன்று இவற்றுக்கு மேலதிகமாக, சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் எல்லவுக்கும் போய்வர ஒரு கார் அல்லது ஜீப் வேண்டும் என்ற ஆசை பலரிடம் வந்திருக்கிறது. ஆசைப்படுவது தவறல்ல. ஹலாலான சம்பாத்தியத்தில் பிள்ளைகளைச் சந்தோசப்படுத்துவதை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குரிய பணத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

லீசிங் உழைக்கும் வாகனத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. லொறி ஓடினால் கூலி வரும். அந்தக் கூலி தவணையைக் கட்டும். வார இறுதிக் கார் ஐந்து நாள் வீட்டு முற்றத்தில் நிற்கும், இரண்டு நாள் பெற்றோல் குடிக்கும். அதன் தவணையை வேறொன்று உழைத்துக் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது நமது கடை.

அண்மையில் ஒரு தம்பி கடைக்கு வந்து, "காக்கா, கார் அறுபது இலட்சம். அரைவாசி கையில இருக்கு. மிச்சத்துக்கு அஞ்சு வருசம், மாசம் எழுபத்தி மூவாயிரம்தானாம்" என்றார். அந்த "தானாம்" என்ற சொல்லை வைத்துத்தான் லீசிங் வியாபாரமே நடக்கிறது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

30 இலட்சத்துக்கு வருடம் 16 வீதம் என்று வைத்துக்கொண்டால், 60 மாதத் தவணை சுமார் 72,950 ரூபா. மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 43 இலட்சத்து 77 ஆயிரம். வாங்கிய 30 இலட்சத்துக்கு மேலாக 13 இலட்சத்து 77 ஆயிரம் போகிறது. சில முகவர்கள் இதையே "ஒன்பது சொச்சம் வீதம்தான்" என்பார்கள். அதுவும் பொய்யல்ல. முழு 30 இலட்சமும் ஐந்து வருடமும் நம் கையிலேயே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் 9.2 வீதம் வரும். ஆனால் மாதா மாதம் நாம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அதுவே 16. ஆகவே வீதத்தைக் கேட்கும்போது எந்தக் கணக்கில் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முதல் வருடத்தில் 8 இலட்சத்து 75 ஆயிரம் கட்டியிருப்போம். முதலில் குறைந்திருப்பது 4 இலட்சத்து 26 ஆயிரம் மட்டுமே. ஒரு வருடத்தில் ஆசை தீர்ந்து விற்கப் போனால் நிலுவை 25 இலட்சத்து 74 ஆயிரம் நிற்கும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருப்பதால் அதைத் தீர்க்காமல் விற்கவும் முடியாது. இதையே மூன்று வருடத்தில் முடித்தால் தவணை ஒரு இலட்சத்து 5 ஆயிரத்துச் சொச்சம்; மேலதிகம் 8 இலட்சத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தவணை கட்ட முடியாதென்றால் அந்தக் கார் இப்போதைக்கு நமது கைக்கு எட்டாதது என்பதே என் கருத்து.

வருடத்தில் 40 வார இறுதிகள் போனால் ஐந்து வருடத்தில் 200 பயணம். 13 இலட்சத்து 77 ஆயிரத்தை 200 ஆல் பிரித்தால், ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 6,900 ரூபா. பெற்றோல், காப்புறுதி, டயர், வருடாந்த அனுமதிப்பத்திரம் எல்லாம் வேறு. உங்கள் ஊரில் ஒரு வேனை வாடகைக்கு எடுக்க என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்தில் பத்துத் தடவை மட்டும் போகிறவர் கணக்கே பார்க்கத் தேவையில்லை.

என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது தவணையல்ல, முற்பணம். அந்த 30 இலட்சம் அனேகமாகக் கடையின் சுழற்சிப் பணம். சாமான் வாங்கவேண்டிய காசு காராக முற்றத்தில் நிற்கும்போது, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பும். ஒரு காசோலை திரும்பினால் நமது பெயர் என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. வயல் செய்வோருக்கு வேறு சிக்கல். பெரும்போக அறுவடைக் காசு பெப்ரவரி, மார்ச்சில் வரும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். தவணையோ மாதா மாதம் வரும்.

2022ஐ நாம் மறக்கக் கூடாது. அவ்வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஓகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். அதை வைத்து எல்லவுக்குப் போய்வர முடியுமா? கார் நின்றது, தவணை நிற்கவில்லை.

வட்டி வேண்டாம் என்போருக்கு வழி உண்டு. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இம்முறைகள் நமது நாட்டில் விரிவடைந்தன. 2011இல் அமானா வங்கி ஆரம்பமானது. ஆனால் இஸ்லாமியப் பெயர் இருப்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மொத்தத் தொகை பல வேளை அருகருகேதான் வரும். வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இஜாராவில் வாகனம் உண்மையிலேயே நிறுவனத்தின் சொத்து. நாம் பயன்பாட்டுக்கு வாடகை கொடுக்கிறோம். 2000 செப்டெம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, வாடகையும் விற்பனையும் வெவ்வேறு ஒப்பந்தங்களாக இருக்க வேண்டும், காப்புறுதி இருந்தால் அது கூட்டுறவு முறையில் அமைந்து அதன் செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று தீர்மானித்தது. கையொப்பமிட முன்னர், நம் தவறின்றி வாகனம் முழுதாக அழிந்தால் வாடகை நிற்குமா என்று கேளுங்கள். நில்லாது என்றால் அது பெயரளவில்தான் இஜாரா.

முராபஹாவில் நிறுவனம் வாங்கி, இலாபம் வைத்து நமக்கு விற்கிறது. விலை பின்னர் கூடாது. ஆனால் முந்திக் கட்டினால் கழிவு தருவது பொதுவாக நிறுவனத்தின் விருப்பம், நமது உரிமையல்ல. குறைந்து செல்லும் முஷாரகாவில் இருவரும் பங்காளிகள். நிறுவனத்தின் பங்கை நாம் வாங்க வாங்க வாடகை குறையும். அறுவடையிலோ பெருநாள் வியாபாரத்திலோ மொத்தமாகக் காசு காணும் நமது ஆட்களுக்கு, கூடுதல் பங்கை முந்தி வாங்க இடம் தரும் ஒப்பந்தமாக இருந்தால், இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது வேறு. 72,950 ரூபாவை மாதா மாதம் ஒதுக்கினால் 42ஆவது மாதத்தில் 30 இலட்சம் சேர்ந்துவிடும். "அதுக்குள்ள கார் விலை ஏறிடுமே காக்கா" என்றார். நியாயமான கேள்வி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது நாம் கண்டதுதான். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. விலை எப்பக்கம் போகும் என்று பந்தயம் கட்டிக் கடன் எடுப்பது வியாபாரமாகாது. அவருக்கு ஒரு மச்சான் இருக்கிறார், அவருக்கும் இதே ஆசை. இருவரும் சேர்ந்து ஆளுக்கு அரைவாசி போட்டால் கடனே தேவையில்லை. ஒரு வாரம் இவர், மறுவாரம் அவர். பெருநாளைக்கு யார் எடுப்பது, டயர் மாற்றும் செலவு யாருக்கு, ஒருவர் விலகினால் பங்கின் விலை என்ன என்று முதலிலேயே எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வாங்கி வைக்கச் சொன்னேன்.