வான்வழி தூரம் வேறு, சாலை தூரம் வேறு



வெளியூர் கண்காட்சிக்குச் சரக்கு ஏற்றும்போது நம் குழுக்களில் முதலில் எழும் கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் வரும்?” என்பதுதான். இதில் தப்புக் கணக்குப் போட்டால், வர வேண்டிய லாபம் வண்டி வாடகையிலேயே போய்விடும். அதனால் இந்த மாதம் தூரக் கணக்கைப் படிப்போம்.

இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டு வகை தூரம் உண்டு. மேப்பில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேர்கோடு போட்டு அளந்தால் கிடைப்பது வான்வழி தூரம். ஆறு, ஏரி, மலை எதுவும் அதற்குத் தடை இல்லை. ஆனால் நம்ம வண்டி சாலையில்தானே ஓடுது? பாலம் இருக்கும் இடம் பார்த்து, மலையில் வளைந்து ஏறித்தான் போக வேண்டும். அதனால்தான் சாலை தூரம் கூடுகிறது.

எவ்வளவு கூடும்? அது ஊரைப் பொறுத்தது.

மதுரை – சென்னை: வான்வழியில் சுமார் 420 கி.மீ. சாலையில் சுமார் 460 கி.மீ. பெரும்பாலும் சமவெளி என்பதால் வித்தியாசம் குறைவு.

கோவை – ஊட்டி: வான்வழியில் சுமார் 52 கி.மீ. மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாகச் சாலையில் சுமார் 86 கி.மீ. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு வண்டி நேராக ஏற முடியுமா? கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும்.

இப்போ கணக்குப் போடுவோம். குட்டி யானை வண்டிக்கு கி.மீ.க்கு 20 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஊட்டிக்குப் போக வர வான்வழிக் கணக்கில் 104 கி.மீ., வாடகை 2,080 ரூபாய். சாலைக் கணக்கில் 172 கி.மீ., வாடகை 3,440 ரூபாய். வித்தியாசம் 1,360 ரூபாய். ஐம்பது ரூபாய் ஊறுகாய் பாட்டில் 27 விற்ற பணம் அது! டிரைவர் பேட்டா, டோல்கேட் கட்டணம் இருந்தால் அது தனி.

வண்டி பேசும் முன் கவனிக்க வேண்டியவை:

1. கைபேசியில் பார்க்கும்போது நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காமல், வண்டி போகும் வழியின் தூரத்தைப் பாருங்கள்.

2. காகித மேப் என்றால் சாலைக் கோட்டின் மேல் நூலை வளைத்து வைத்து அளந்து, மேப்பின் அளவுகோலோடு ஒப்பிடுங்கள்.

3. எந்த வழியாகப் போவது, திரும்பி வரும் தூரத்துக்கும் வாடகை உண்டா என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள்.

4. கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் வண்டி மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து, டிரைவரிடமும் காட்டுங்கள். அப்புறம் “அவர் சொன்னதுதான் கணக்கு” என்ற நிலை வராது.

குழுவில் பேசிப் பாருங்கள்: உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நேர்கோட்டில் எவ்வளவு, சாலையில் எவ்வளவு? வித்தியாசத்துக்குக் காரணம் ஆறா, மலையா, ஏரியா? விடையை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வண்டி பேச உதவும்.