86 சதவீதமும் ஒரு சின்னக் குழப்பமும்

நம்பிக்கை: பெரோவ்ஸ்கைட் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பொருள்.

உண்மை: ஒரு பொருளும் இல்லை, புதிதும் இல்லை. 1839இல் உரால் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு ருஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரை வைத்தார் குஸ்தாவ் ரோஸ். அதே மாதிரி அணுக்கள் அடுக்கியிருக்கும் படிகங்கள் அனைத்துக்கும் இன்று அந்தக் குடும்பப் பெயர்தான். ஒளிக்காக ஆராயப்படுபவற்றில் பெரும்பாலானவை ஈயத்தோடு குளோரின், புரோமின், அயோடின் சேர்ந்தவை.

நம்பிக்கை: சிவப்பு, பச்சை, நீலப் பெரோவ்ஸ்கைட்டுகளைக் கலந்தால் வெள்ளை எல்.இ.டி. தயார்.

உண்மை: காகிதத்தில் சரி. குளோரின் கூடினால் நீலம், புரோமினுக்குப் பச்சை, அயோடினுக்குச் சிவப்பு. ஆனால் இவற்றை ஒட்டிவைத்தால் சும்மா இருக்காது. அயனிகள் இடம் மாறிக்கொள்ளும். பச்சையும் சிவப்பும் தனித்தனியாக நில்லாமல், இடைப்பட்ட ஒரே நிறமாகிவிடும். போதாக்குறைக்கு, மூன்றில் நீலம்தான் நோஞ்சான். நம் வீட்டு எல்.இ.டி. பல்புகூட மூன்று நிறத்தைக் கலப்பதில்லை: உள்ளே இருப்பது நீலச் சில்லு, மேலே அந்த நீலத்தை விழுங்கி மஞ்சளாக உமிழும் பாஸ்பர் பூச்சு, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஈயமே இல்லாத ஒற்றைப் பெரோவ்ஸ்கைட் 86 சதவீதத் திறனோடு வெள்ளையாக ஒளிர்கிறது, இனி பழைய எல்.இ.டி.க்கு வேலையில்லை.

உண்மை: முன்பாதி மெய். 2018இல் சீனாவின் வூஹானில் டாங் ஜியாங் குழுவினர் வெள்ளி, இண்டியம், சோடியம், குளோரின் சேர்ந்த படிகத்தில் துளி பிஸ்மத் கலந்து அதைச் சாதித்தார்கள். அழகான வேலை. கிளர்ந்த எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களையே நெளித்து, அந்தப் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. அங்கிருந்து வெளிவரும் ஒளி ஒரே நிறமாக இல்லாமல் அகலமாகப் பரவி, இதமான வெள்ளையாகத் தெரிகிறது.

ஆனால் அந்த 86, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அளந்தது: விழுங்கிய 100 ஒளித்துகளுக்கு 86 திரும்பி வந்தன. அதாவது அது நல்ல பாஸ்பர். நேரடியாக மின்சாரம் பாய்ச்சி ஒளிரவைப்பது வேறு கதை. அங்கே உள்ளே போன எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள் வெளியே வந்தன என்று எண்ணவேண்டும். அந்தக் கணக்கில் பச்சை, அகச்சிவப்புப் பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி.கள் 20 சதவீதத்தைத் தாண்டியதே அதே 2018இல்தான். அப்போது அதுவே பெரிய செய்தி. 86ஐயும் 20ஐயும் ஒரே தராசில் வைப்பது படியையும் முழத்தையும் ஒப்பிடுவதுபோல.

அடுத்த முறை இப்படி ஒரு சதவீதம் கண்ணில் பட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒளி பாய்ச்சி அளந்ததா, மின்சாரம் பாய்ச்சியா? எத்தனை மணிநேரம் மங்காமல் எரிந்தது?