பாக்டீரியா கட்டித் தரும் பொட்டலம்

கேள்வி: பாக்டீரியா உதிர்க்கும் நுண்பைகளின் மேல் நமக்கு வேண்டிய மூலக்கூறை ஒட்ட வைக்கிறார்களாமே, எப்படி?

பதில்: ஒட்டும் வேலையை பாக்டீரியாவிடமே விட்டுவிடுகிறார்கள். ஈ.கோலையின் வெளிச்சவ்வு அங்கங்கே புடைத்து, கிள்ளிப் போட்டதுபோல் குட்டிப் பைகளாகக் கழன்று விழும். குறுக்களவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். சவ்வில் இருக்கும் புரதம் பையிலும் வந்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அப்படிப் பைக்கு வந்து சேரும் 'க்ளை-ஏ' என்ற புரதத்தின் மரபணுவோடு ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரத மரபணுவைக் கோத்தார்கள். பைகள் பச்சையாக ஒளிர்ந்தன! அவற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டதில், வழக்கமாக நோயெதிர்ப்பு மண்டலம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத அந்த ஒளிர்புரதத்துக்கே எதிர்ப்பொருள் ஏராளமாகச் சுரந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது.

ஒட்ட வேண்டிய சரக்கு பெரிதானால்தான் வம்பு. சவ்வைத் தாண்டும்போதே சிக்கிக்கொள்ளும். அப்போது ஸ்பைடேக், ஸ்பைகேச்சர் என்ற புரதத் துண்டு ஜோடி கைகொடுக்கும். சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி. ஆனால் பூட்டினால் திறக்காது. ஒன்றைப் பையிலும் மற்றதைச் சரக்கிலும் வைத்துக் கலந்தால் போதும்.

எனக்கு உறுத்துவது பையின் சவ்வோடு வரும் எல்.பி.எஸ். என்ற நச்சுதான். காய்ச்சலைக் கிளப்பிவிடும். அதன் கொழுப்பு வால்களில் ஒன்றை மரபணு மாற்றத்தால் நறுக்கி வீரியத்தைக் குறைக்கிறார்கள்.