பூகம்பமும் வீட்டுச் சுவரும்

1993-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ந் தேதி, விடியற்காலை 4 மணி அடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கையில், மகாராஷ்டிரத்து லாத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கில்லாரி என்னும் கிராமமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பூகம்பத்தால் இடிந்து வீழ்ந்தன. முந்திய நாள் விநாயகர் உற்சவத்தை முடித்து வந்த குடியானவர்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். பூமி அதிர்ந்தது ஒரு நிமிஷத்துக்கும் குறைந்த நேரமே. அதற்குள் பல்லாயிரம் பேர் தம் வீட்டுச் சுவர்களின் கீழேயே மாண்டனர்.

1897-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி மாலையில் அஸ்ஸாமில் நிகழ்ந்த பூகம்பம் இதனினும் பல நூறு மடங்கு வலிமை வாய்ந்தது. எனினும் அதில் இறந்தோர் தொகை ஏறக்குறைய 1,500 மட்டுமே. அஸ்ஸாமில் அது வெளியே நடமாடும் நேரமாயிருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், மக்கள் வசித்த வீடுகளின் அமைப்பு. பூகம்பத்தின் வலிமையும் அதனால் விளையும் உயிர்ச்சேதமும் ஒரே அளவின அல்ல என்பது இதனால் விளங்கும். இதன் உண்மையை அறிதல் கிராமவாசிகளுக்குப் பெரிதும் பயன்படும்.

பூமி அதிரும் காரணம்

ஆதிசேஷன் தலை மாற்றுவதால் பூமி நடுங்குகின்றது என்பது வழிவழியாக வந்த கதை. ஆராய்ச்சியால் தெளிந்த காரணம் வேறு. பூமியின் மேலோடு ஒரே பாறையன்று. பல பெருந்தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. அவை மிக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தியாவைத் தாங்கிய தட்டு ஆண்டுதோறும் சுமார் 2 அங்குலம் வடதிசை நோக்கி நகர்ந்து, ஆசியாவின் தட்டை நெருக்குகின்றது. இமயமலை எழுந்ததும் இந்நெருக்கத்தாலேயே.

மூங்கிற் கழியொன்றை இரு கைகளாலும் பற்றி வளைத்தால் அது சிறிது தூரம் வளைந்து கொடுக்கும். எல்லை கடந்தால் சட்டென முறியும். முறிந்த துண்டுகள் நிமிர்கையில் கைகள் அதிரும். பாறையும் அவ்வாறே பல்லாண்டு நெருக்குண்டு வளைந்து, ஒரு நாள் பிளவின் வழியே திடீரென வழுக்குகின்றது. 1906-ல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பூகம்பத்தின்போது, பிளவின் குறுக்கே நேராக ஓடிய வேலிகள் பல அடி விலகி நின்றன. அதனை ஆராய்ந்த ரீட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இவ்விளக்கத்தை வகுத்தார்.

தட்டின் ஓரத்தில் உண்டாகும் நெருக்கம் அதன் உட்பகுதியையும் தாக்குகின்றது. ஆதலின், உறுதியானதென்று கருதப்பட்ட தக்ஷிண பீடபூமியிலும் கில்லாரி விபத்து நேர்ந்தது. 1900-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் பலத்த அதிர்ச்சி ஏற்பட்டதுண்டு.

மூவகை அலைகள்

குளத்தில் கல்லை எறிந்தால் அலைகள் பரவுதல்போல, பாறை வழுக்கிய இடத்திலிருந்து அதிர்ச்சி அலைகள் நாற்புறமும் பரவுகின்றன. அவை மூவகைப்படும்.

முதலில் வருவது நெருக்கலை. ரயில் வண்டித் தொடரை எஞ்சின் இடிக்கும்போது அவ்விடி பெட்டிக்குப் பெட்டி தாவிச் செல்வதுபோல, இது பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கிச் செல்லும். இதன் வேகம் மேலோட்டில் விநாடிக்கு ஏறக்குறைய 3¾ மைல். அடுத்து வருவது குறுக்கலை. ஒரு நுனியைக் கட்டிய கயிற்றை மறு நுனியிலிருந்து உதறினால் நெளிவு ஓடுவதுபோல, இது பக்கவாட்டில் அசைத்துச் செல்லும். இதன் வேகம் விநாடிக்கு 2 மைலுக்குச் சற்று அதிகம். இது நீர்ப்பொருள்களின் ஊடே செல்லாது. இறுதியில் வருவது, பூமியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் தரையலை. இது மெல்ல வரினும், தொலைவிலுள்ள ஊர்களில் பேரசைவை விளைவிப்பது.

முதல் இரண்டு அலைகளுக்கும் இடையே கழியும் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 5 மைல் தூரம் என்று கணக்கிடலாம். இடைவெளி 10 விநாடியாயின், பூகம்பம் பிறந்த இடம் சுமார் 50 மைலுக்கு அப்பாலுள்ளது. மூன்று ஊர்களில் இவ்வாறு கணக்கிட்டால் அவ்விடத்தையே குறித்துவிடலாம்.

இந்திய பூகர்ப்ப சர்வே இலாகாவைச் சேர்ந்த ஓல்டாம் என்பவர், அஸ்ஸாம் பூகம்பத்தின் பதிவுகளைக் கொண்டே இம்மூவகை அலைகளையும் பிரித்துக் காட்டினார். பின்னர் 1906-ல், அலைகள் பூமியைக் கடந்து செல்லும் காலத்தை ஆராய்ந்து, பூமியின் நடுவே வேறு இயல்புடைய உட்கரு உண்டென்பதையும் அவர் நிறுவினார்.

பூகம்பம் பிறந்த இடத்துக்கு நேர் மேலே வசிப்போருக்கு, முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி ஓரிரு விநாடிகளே. உறங்குபவர் எழுந்து ஓட அது போதாது. ஆகவே பாதுகாப்பு வீட்டைக் கட்டும்போதே அமைய வேண்டும்.

நிலமும் சுவரும்

கெட்டியான பாறைமீது அசைவு குறைவு; தளர்ந்த வண்டல் நிலத்தில் அதிகம். நீர் ஊறிய மணல் அதிர்ந்தால் குழம்புபோலாகிப் பாரத்தைத் தாங்கும் வலிமையை இழக்கும். 1897-ல் அஸ்ஸாம் சமவெளியில் மணலும் நீரும் பூமியைப் பிளந்து பீறிட்டெழுந்தன.

சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்குவது அரிது. கட்டடத்தின் கனம் மிகுந்தால் அவ்விசையும் மிகும். கில்லாரியில் வீட்டுச் சுவர்கள் அகலமானவை. ஆயினும் அவை செதுக்காத கற்களை இருபுறமும் மண் சாந்தால் அடுக்கி, நடுவே சில்லுக்கற்களை நிரப்பியவை. கூரைமீதோ கனத்த மண் பரப்பு. அதிர்ந்தவுடன் இரு முகங்களும் பிரிந்து சரிந்தன; கூரை அப்படியே அமிழ்ந்தது. சுவர் பருமனாயிருப்பதே பலம் என்ற எண்ணம் அங்கே பொய்த்தது.

1897-ல் ஷில்லாங் நகரத்துக் கல் கட்டடங்களும் தரைமட்டமாயின. அதன்பின் அப்பிரதேசத்தில் மரச்சட்டங்களிடையே நாணற் சுவர் அமைத்துப் பூசி, இலேசான கூரை வேய்ந்த வீடுகள் மிகுந்தன. அசையும்போது அவை வளைந்து கொடுக்கும். இடிந்தாலும் ஆளைக் கொல்லுதல் அரிது.

சங்கங்கள் கவனிக்கத்தக்கவை

கல்வீடு கட்டுவோர், சுவரின் முழு அகலத்துக்கும் ஊடுருவி நிற்கும் நீண்ட கற்களை இடையிடையே வைத்து இரு முகங்களையும் பிணைக்க வேண்டும். கதவு, ஜன்னல்களுக்கு மேலும் கூரையின் அடியிலும், வீட்டைச் சுற்றி இடைவிடாமல் கம்பியிட்ட கான்கிரீட்டினாலோ மரத்தினாலோ ஒரு பட்டை அமைத்தல் அவசியம். பீப்பாயை இரும்பு வளையம் இறுக்குவதுபோல அது நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்து நிற்கும். கூரை இலேசாகவும் சுவரோடு பிணைக்கப்பட்டும் இருக்க வேண்டும். வாசலும் ஜன்னலும் மூலையை ஒட்டி வருதல் கூடாது. புது வீட்டில் இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. இடிந்த வீட்டை மீண்டும் கட்டுதலோ பெருஞ்செலவு.

வீடு கட்டக் கடன் வழங்கும் சங்கங்களும், தானியக் கிடங்கு கட்ட முற்படும் சங்கங்களும், பணம் கொடுக்குமுன் இவ்வமைப்புகள் திட்டத்தில் உள்ளனவா என்று பார்த்தல் நலம். பூகம்பம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிக் கூற வல்லார் எவருமில்லை. அவ்வாறு எழும் வதந்திகளை நம்ப வேண்டுவதில்லை. நாளைக் குறிப்பது மனிதர் கையில் இல்லை. சுவரை உறுதியாக எழுப்புவது அவர்கள் கையிலேயே உள்ளது.