ஓ.டி.பி. முதலிய சுருக்கப் பெயர்களின் பொருள்

சங்கத்தின் வாசிகசாலைக்கு வரும் பெரியவர் ஒருவர் தமது கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "தம்பி, ஓ.டி.பி. என்றால் என்ன? வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுக்கலாமா?" என்று வினவினார். கொடுக்குமுன் கேட்டாரே, அது நல்ல காலம். இவ்வெழுத்துக்களை நாள்தோறும் உச்சரிக்கிறோம்; விரித்துச் சொல்லச் சொன்னால் விழிக்கிறோம். ஆகவே இம்மாதப் பாடமாக இவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

ஓ.டி.பி. என்பதன் விரிவு ஒன் டைம் பாஸ்வர்ட். ஒரே ஒரு முறை செல்லுபடியாகும் மறைச்சொல் என்பது பொருள். நமது நிரந்தர மறைச்சொல்லை எவனேனும் அறிந்துகொண்டாலும், கைப்பேசி நம்மிடம் இருப்பதால் இவ்வெண் அவனுக்குக் கிட்டாது. அறிந்த ஒன்று, கையிலுள்ள ஒன்று என இருவகைச் சான்று கேட்கும் இம்முறைக்கு டூ.எஃப்.ஏ., அதாவது டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன் என்று பெயர். ஆகவே ஒருவன் ஓ.டி.பி.யைக் கேட்கிறான் என்றால், முதற்கதவை முன்னரே திறந்துவிட்டு இரண்டாங் கதவுக்குச் சாவி கேட்கிறான் என்றே கொள்ளவேண்டும். எண்ணை அனுப்பிய வங்கிக்கு அதை நம் வாயால் கேட்கவேண்டிய அவசியம் ஏது?

பின் என்பது பெர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர். 'பின் நம்பர்' என்போர் நம்பரை இருமுறை சொல்கிறார்கள். அதனால் நஷ்டமில்லை, எண்ணைப் பிறரிடம் ஒருமுறை சொன்னால்தான் நஷ்டம்.

எஸ்.எம்.எஸ். என்பது ஷார்ட் மெசேஜ் சர்வீஸ், குறுஞ்செய்திச் சேவை. முதற்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் நாள் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகச் சென்றது. வாழ்த்துச் சொல்லப் பிறந்த இச்சேவையில் அனுப்புவோன் பெயரைப் போலியாக இடமுடியும் என்பதே பெருங்குறை. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரால் வந்த பொய்ச்செய்திகள், உண்மையான வங்கிச் செய்திகளின் கீழேயே வரிசையாக நின்றன. இணைப்பை அழுத்திப் போலித் தளத்தில் மறைச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் தாமே எழுதிக்கொடுத்தோர் ஏறத்தாழ 790 பேர்; பறிபோனது 1 கோடியே 37 லட்சம் வெள்ளி. இதன்பின், அனுப்புவோர் பெயரைப் பதிவது 2023 ஜனவரி 31 முதல் கட்டாயமாயிற்று. 2024 ஜூலையில், டிஜிட்டல் டோக்கன் உடையோர் வங்கிக் கணக்கில் நுழைவதற்கு ஓ.டி.பி.யைப் படிப்படியாக நிறுத்துவதாக நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. ஆயினும் பிற காரியங்களுக்கு அது வரவே செய்கிறது.

அந்த 790 பேரும் பார்க்கத் தவறியது யு.ஆர்.எல். எனப்படும் யூனிஃபார்ம் ரிசோர்ஸ் லொக்கேட்டரை. அதாவது தளத்தின் முகவரியை. இதனை வாசிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, பின்னோக்கி வாசிக்கவேண்டும். காம், காம்.எஸ்.ஜி. போன்றவற்றை ஊர்ப்பெயராகக் கொண்டால், அதற்குச் சற்று முன்னுள்ளதே வீட்டுக்காரர் பெயர். வங்கியின் பெயர் முதலில் நின்று, புள்ளி வைத்து வேறொரு பெயர் தொடருமானால், வீடு வங்கியுடையதன்று.

எச்.டி.டி.பி.எஸ். என்பதன் கடைசி எஸ். 'செக்யூர்', பாதுகாப்பு என்று குறிக்கும். பூட்டுக்குறியைக் கண்டதும் தளமே யோக்கியமானது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நாமும் முன்பு அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை யாதெனில், இவ்வெழுத்து வழிக்கு மட்டுமே காப்பு. நாம் அனுப்புவதை இடையில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது. உறை அரக்கு முத்திரையுடன் திருடன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தால் முத்திரையால் என்ன பயன்? மோசக்காரர்களும் இவ்வெழுத்தை எளிதில் பெறுகிறார்கள்.

ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்ட் பேக்கேஜ், அவ்வகைக் கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. மலிவு விலை விளம்பரங்களைக் காட்டி, அங்கீகாரம் பெற்ற செயலிக் கடைக்கு வெளியே இதனை இறக்கச் சொன்னால் மறுத்துவிடுக. உள்ளே வந்தபின் ஓ.டி.பி.யை அதுவே படித்துக்கொள்ளக்கூடும்.

சந்தேகம் தோன்றினால் சிங்கப்பூரிலுள்ளோர் 1799 என்ற எண்ணில் கேட்கலாம். மலேசியாவில் பணத்தைப் பறிகொடுத்தோர் தாமதியாமல் 997ஐ அழைக்கவேண்டும். பெரியவர் இவ்வெண்ணையும் ஓ.டி.பி.யின் விரிவையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றார். கியூ.ஆர்., வி.பி.என். ஆகியவற்றை அடுத்த இதழில் காண்போம்.