தாத்தா முட்டை சாப்பிடலாமா?

மாணவர்களே! பள்ளியில் பகல் உணவுடன் அவித்த முட்டை ஒன்று உங்கள் தட்டில் விழுகிறது. "வளர்கிற பிள்ளை, மிச்சம் வைக்காமல் சாப்பிடு" என்கிறார் ஆசிரியர். மாலையில் வீட்டுக்கு வந்தால், இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தா கவலையோடு உட்கார்ந்திருக்கிறார். "கொலஸ்டிரால் கூடிவிட்டதாம். இனிமேல் எனக்கு முட்டையே வேண்டாம்" என்கிறார். "மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுங்களேன்" என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டு மாமாவோ, "அதெல்லாம் பழைய கதை ஐயா! தினம் நாலு முட்டை சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்கிறார்.

ஒரு முட்டைக்கு இத்தனை தீர்ப்புகள்! யார் சொல்வது சரி? தாத்தாவின் இதயத்தைப் பற்றிய கேள்வி இது. ஆகவே அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

கொலஸ்டிரால் நம் எதிரியா?

கொலஸ்டிரால் மெழுகு போன்ற ஒரு பொருள். பித்தப்பையில் உண்டாகும் கற்களிலிருந்துதான் இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1815-ஆம் ஆண்டு செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் இதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் திடப்பொருள்.

இது இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் கொலஸ்டிரால் இருக்கிறது. பித்த அமிலங்களும், சில ஹார்மோன்களும், நம் தோலில் வெயில் படும்போது உண்டாகும் வைட்டமின் டி-யும் இதன் வழியில் பிறப்பவையே. இவ்வளவு தேவையான பொருளை உணவை மட்டும் நம்பி உடல் விட்டுவிடுமா? விடாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்குக் கொலஸ்டிராலை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. இதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தத் தயாரிப்பின் படிகளைக் கண்டறிந்ததற்காக கொன்ராட் பிளாக், ஃபியோடர் லினென் என்னும் இருவருக்கும் 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 185 மில்லிகிராம். அவ்வளவும் மஞ்சள் கருவில்தான். அதாவது, முட்டையே தொடாதவரின் உடலும் நாள்தோறும் ஐந்து முட்டைக்கு ஈடான கொலஸ்டிராலைச் செய்துகொண்டுதான் இருக்கிறது! சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கும் ஏன் கொலஸ்டிரால் கூடுகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் பச்சை முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு தேக்கரண்டி சேருங்கள். இரண்டையும் மூடி நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் புட்டியில் எண்ணெய் சிறிது நேரத்தில் மேலே மிதக்கும். இரண்டாவதில் பால் போலக் கலங்கி நிற்கும். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்னும் பொருள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு, அவை ஒன்று சேராமல் தடுக்கிறது. (சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

நம் இரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கொலஸ்டிரால் கரையாது. ஆகவே உடல் அதைப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. இவற்றுள் எல்.டி.எல். என்பது கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டு செல்லும் பொட்டலம். இது அளவுக்கு மேல் இரத்தத்தில் தங்கினால் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து படிகிறது. பல ஆண்டுகளில் குழாய் குறுகி, மாரடைப்புக்கு வழி வகுக்கிறது. எச்.டி.எல். என்பது கொலஸ்டிராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவர உதவும் பொட்டலம். தாத்தாவின் சீட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டியது எல்.டி.எல். அளவைத்தான்.

முயல் சொன்ன சாட்சி

முட்டை மீது முதலில் பழி விழுந்தது எப்படி? 1913-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் ஆய்வாளர், தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் தமனிகளில் கொழுப்புப் படிந்தது. மனிதர்களின் தமனிகளில் காணும் படிவைப் போலவே அது இருந்தது. மிகப் பெரிய கண்டுபிடிப்பு இது. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தால் தமனி கெடும் என்ற உண்மை அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனால் எலிகளிடமும் நாய்களிடமும் இதே சோதனையைச் செய்தபோது அவ்வாறு நேரவில்லை. ஏன்? முயல் இலை தழை தின்னும் பிராணி. தாவரங்களில் கொலஸ்டிரால் இல்லை என்றே சொல்லலாம். எனவே உணவில் வரும் கொலஸ்டிராலைச் சமாளிக்க முயலின் உடல் பழகவில்லை. எலியும் நாயும் சமாளித்துவிட்டன. மனிதன் முயலைப் போன்றவனா, எலியைப் போன்றவனா? இதற்கு விடை தெரியுமுன்னரே எச்சரிக்கை பிறந்தது. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம், நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் உண்ண வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று கூறியது. பாட்டி சொல்லும் யோசனைக்கு மூலம் இதுதான்.

நாளுக்கு 25 முட்டை!

1991-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மருத்துவர் ஃபிரெட் கெர்ன் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார். 88 வயது முதியவர் ஒருவர், மனநிலை காரணமாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முட்டைகளைப் பல ஆண்டுகளாகத் தின்றுவந்தார். அவருடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் எவ்வளவு இருந்தது தெரியுமா? 100 மில்லிலிட்டருக்கு 150 முதல் 200 மில்லிகிராம் வரைதான். இது சாதாரண அளவே!

எப்படி முடிந்தது? ஆராய்ந்து பார்த்தார்கள். சாதாரணமாக, உணவில் வரும் கொலஸ்டிராலில் ஏறத்தாழ பாதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இவருடைய குடல் 18 சதவீதமே உறிஞ்சியது. உறிஞ்சியதையும் கல்லீரல் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் பித்த அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தது.

நம் எல்லோரின் உடலிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. குடல் குறைவாக உறிஞ்சலாம். கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைக்கலாம். மிஞ்சியதைப் பித்த நீரில் கலந்து வெளியேற்றலாம். ஆனால் எல்லோருக்கும் இவை ஒரே திறமையோடு வேலை செய்வதில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்கு 100 மில்லிகிராம் கொலஸ்டிரால் கூடுதலாக உண்டால் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 2 மில்லிகிராம்தான் ஏறுகிறது. தினம் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது சராசரி மட்டுமே. சிலருக்கு இதைவிட மிகுதியாக ஏறும். சிலருக்கு ஏறுவதே இல்லை.

பக்கத்து வீட்டு மாமாவின் தவறு இங்கேதான். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது அவர் உடலின் பதில். அது தாத்தாவின் உடலுக்குச் செல்லாது. முயலைப் பார்த்து எல்லோரையும் பயமுறுத்தியதும், 25 முட்டை முதியவரைப் பார்த்து எல்லோரையும் தைரியப்படுத்துவதும் ஒரே வகைத் தவறுதான்.

கல்லீரலின் கதவுகள்

இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். எப்படிக் குறைகிறது? கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் என்னும் 'கதவுகள்' இருக்கின்றன. எல்.டி.எல். இவற்றில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சில குடும்பங்களில் இந்தக் கதவுகள் பரம்பரையாகவே குறைந்திருக்கும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. அவர்கள் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் எல்.டி.எல். மிகுந்தே இருக்கும், மருந்து தேவைப்படும். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே தாத்தாவுக்கோ அவருடைய உடன்பிறந்தாருக்கோ இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், அப்பாவும் நீங்களும்கூடப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு முக்கியச் செய்தி. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு, இந்தக் கதவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. உணவில் உள்ள கொலஸ்டிராலைவிட எல்.டி.எல்.-ஐ அதிகமாக உயர்த்துவது இதுதான். 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று எண்ணெய் டின்னில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயில்தான் கொலஸ்டிரால் இருக்கிறது?

கோழி செய்த உதவி

1973-இல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பூஞ்சணம் ஒன்றிலிருந்து காம்பாக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதை இது தடுக்கும் என்று எதிர்பார்த்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் பயன் இல்லை! மருந்தே கைவிடப்படும் நிலை. அப்போது, முட்டையிடும் கோழிகளிடம் சோதித்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. முட்டைக்குள் அவ்வளவு கொலஸ்டிராலை வைக்கும் கோழியின் உடலில் அதன் தயாரிப்பும் மிகுதியாக இருக்க வேண்டுமல்லவா? 1976-இல் அச்சோதனை வெற்றி பெற்றது. கோழிகளின் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இன்று தாத்தா இரவில் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் கதை இப்படித்தான் தொடங்கியது. முட்டை மீது குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலத்தில் கோழிதான் மருந்தைக் காப்பாற்றிக் கொடுத்தது!

தாத்தாவின் தட்டு

அமெரிக்க அரசின் 2015-2020 உணவு வழிகாட்டியில் 300 மில்லிகிராம் என்ற வரம்பு நீக்கப்பட்டது. 2019-இல் அமெரிக்க இதயச் சங்கம், உடல்நலம் உள்ளவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை உண்ணலாம் என்றது. ஆனால் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள், குறிப்பாக நீரிழிவும் உள்ளவர்கள், கவனமாக இருக்கும்படி கூறியது. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2019-இல் 29,615 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில், முட்டை மிகுதியாக உண்டவர்களுக்கு இதய நோய் சற்று மிகுந்து காணப்பட்டது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாளுக்கு ஒரு முட்டை வரை அத்தகைய தொடர்பு தெரியவில்லை. முட்டையோடு வெண்ணெயும் பன்றி இறைச்சியும் உண்பவர்களிடம், முட்டையின் பங்கை மட்டும் தனியே பிரித்தறிவது எளிதன்று.

சரி, நாம் ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அவித்த முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 1.5 கிராம். அதையே ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டு ஆம்லெட் போட்டால் மேலும் 8 அல்லது 9 கிராம் சேர்ந்துவிடும்! முட்டையை ஒதுக்கிவிட்டு, பாமாயிலில் பொரித்த வடையும், வனஸ்பதியில் செய்த இனிப்பும் சாப்பிட்டால் தாத்தாவுக்கு என்ன லாபம்? அதே சமயம் மஞ்சள் கருவில் புரதமும், வைட்டமின் ஏ, டி, பி-12 ஆகியவையும் இருப்பதை மறக்கக்கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு இவை வேண்டும். தாத்தாவின் சீட்டைப் பார்த்துப் பயந்து உங்கள் தட்டிலிருந்து முட்டையை எடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தாத்தாவுக்கு? வெள்ளைக் கருவுக்குத் தடையே இல்லை. மஞ்சள் கரு வாரத்துக்கு எத்தனை என்பதை அவருடைய எல்.டி.எல்., சர்க்கரை, இதயத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். முட்டையை அவித்தே சாப்பிடலாம். நெய்யும் பொரித்த பண்டமும் குறைய வேண்டும். பருப்பு, பயறு, காய்கறி, கீரை கூட வேண்டும். இவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுவதால், கல்லீரல் இரத்தத்திலிருந்து மேலும் கொலஸ்டிராலை இழுத்துக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து மறுபடி இரத்தத்தைச் சோதித்தால், தாத்தாவின் உடலே பதிலைச் சொல்லிவிடும். ஒன்று மட்டும் உறுதி: முட்டையை விட்டுவிட்டோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

இன்று மாலை தாத்தாவின் அருகில் உட்கார்ந்து அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எல்.டி.எல். எங்கே எழுதியிருக்கிறது என்று அவருக்குக் காட்டுங்கள்.

விடை கூறுங்கள்

1. கடலை எண்ணெயில் ஏன் கொலஸ்டிரால் இல்லை?
2. முயலிடம் கண்ட விளைவு எலியிடம் ஏன் காணப்படவில்லை?
3. அவித்த முட்டை ஒன்று, நெய் ரோஸ்ட் ஒன்று: தாத்தாவின் எல்.டி.எல்.-ஐ மிகுதியாக உயர்த்தக்கூடியது எது? காரணம் கூறுங்கள்.